குடியை விட்டவர் இன்றிரவு எங்கே படுப்பார்?

என் பெரியப்பா மகன் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மாதம் மையத்தில் இருந்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. முகத்து உப்பல் வற்றி, ரொம்ப நாளைக்கு அப்புறம் அவருடைய பழைய முகம் தெரிந்தது. இரண்டு லுங்கி, மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு எல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன. அண்ணி அவர் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ திரும்ப வேண்டுமென்றால் டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டினோம். அந்த அரை நிமிஷம் ஆட்டோவில் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் மறுபடி குடித்தார்.

பணம் புரட்டி, லீவு போட்டு, ஆள் மாற்றி ஆள் காத்திருந்து நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குத்தான். அதற்கடுத்த ராத்திரி அவர் எங்கே படுப்பார், பக்கத்தில் யார் இருப்பார்கள், சாயங்காலம் ஆறு மணி ஆனால் என்ன செய்வார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மையத்திலும் யாரும் கேட்கவில்லை. வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறார், போகிறார், அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை நிரப்பும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் பல பெயர்கள் உண்டு. ஹாஃப்வே ஹவுஸ், சோபர் ஹோம், ரெகவரி ஹவுஸ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வசதிக்காக இங்கே இடைவீடு என்று வைத்துக்கொள்ளலாம். அது ஆஸ்பத்திரியும் இல்லை, சொந்த வீடும் இல்லை. குடியையோ போதைப்பொருளையோ விட்டவர்கள் சில மாதமோ சில வருஷமோ ஒன்றாகத் தங்கி, வேலைக்குப் போய்வந்து, தங்கள் காலில் நிற்கப் பழகும் இடம். ஐம்பது வருஷத்தில் இந்த ஏற்பாடு அங்கே மிக நன்றாகவும் நடந்திருக்கிறது, படுகேவலமாகவும் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று தேடிப் போனால், நல்லெண்ணம், படிப்பு, பக்தி எதுவும் பெரிய விடையாகத் தெரியவில்லை. அங்கே தங்கியிருப்பவர் மறுபடி குடித்தால் யார் பைக்கு நஷ்டம், யார் பைக்கு லாபம்? எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விளக்குவதாகப் படுகிறது.

முதலில் உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நாள்பட்ட குடிநோயாளி திடீரென்று நிறுத்தினால் முதல் மூன்று நான்கு நாள் உயிருக்கே ஆபத்து. வலிப்பு வரலாம், உடம்பில் பூச்சி ஊர்வதுபோல் இருக்கலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். அதனால்தான் அந்தக் கட்டத்தை டாக்டர் மேற்பார்வையில் கடக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் அது அடங்கிவிடும். தூக்கம் சீராவதும், எரிச்சல் குறைவதும், அந்தத் தவிப்பு தணிவதும் அப்படியில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். பழைய நண்பனின் குரல், சம்பள நாள், மூடிய கடை ஷட்டர் திறக்கிற சத்தம் என்று எது வேண்டுமானாலும் ஆளைப் பிடித்து இழுக்கும். ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளில், அதாவது அபின் வகைப் போதையில், சிக்கியவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கொஞ்ச நாள் நிறுத்தி இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆக, சிகிச்சை மையத்தின் கேட்டைத் தாண்டிய முதல் சில வாரங்கள்தான் மிக மோசமான காலம். அந்த வாரங்களில்தான் நாம் ஆளைத் தனியாக விடுகிறோம்.

1975-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில் ஓர் இடைவீடு இருந்தது. உள்ளாட்சிப் பணத்தில் நடந்த வீடு, பதிமூன்று ஆண்கள். அதில் ஒருவர் பால் மல்லாய். அமெரிக்க செனட்டின் ஒரு குழுவில் வேலை பார்த்த வக்கீல். குடி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. ஆறு மாதம் முடிந்து போனவர்களில் பெரும்பாலோர் மறுபடி விழுவதை உள்ளே இருந்தவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில், நிதி இல்லை, வீட்டை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது.

பதிமூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் செலவு எதற்கு? மேலாளர் சம்பளம், ராத்திரி காவல், சமையல் ஆள். அதையெல்லாம் கழித்தால் மிச்சம் வாடகை, கரண்ட், சாப்பாடு. அதை நாமே போட்டுக்கொண்டால் என்ன? குடியை விட்டவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, அமைப்பின் ஆட்களிடம் போனார்கள். அதில் ஒருவர் 750 டாலர் கடன் கொடுத்தார். முதல் மாத வாடகை கட்டப்பட்டது. ஏஏ பிறப்பதற்குக் காரணமாக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற பழைய கிறிஸ்தவ இயக்கத்தின் நினைவாக வீட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் வேறு சம்பந்தமில்லை. இன்றைக்கு அந்தப் பெயரில் 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிலவற்றில் குழந்தையோடு தங்கலாம். எல்லாம் வாடகை வீடுகள்தான். மல்லாய் 2022-இல் காலமானார்.

விதிகள் மூன்றுதான். வீட்டை அங்கே இருப்பவர்களே வாக்களித்து நடத்த வேண்டும். செலவை அவர்களே கட்ட வேண்டும். யார் மறுபடி குடித்தாலும், எதை எடுத்தாலும், உடனே வெளியேற்ற வேண்டும். கால வரம்பு கிடையாது. வாடகைப் பங்கைக் கட்டி, குடிக்காமல் இருக்கிறவரை மூன்று மாதமும் இருக்கலாம், மூன்று வருஷமும் இருக்கலாம். மேலாளர் கிடையாது, டாக்டர் கிடையாது, ஆலோசகர் கிடையாது. ஏஏ கூட்டத்துக்கோ டாக்டரிடமோ போக வேண்டுமென்றால் வெளியே போய்க்கொள்ள வேண்டியதுதான்.

கேட்பதற்கு இது சும்மா ஒரு மேன்ஷன் ரூம் கதை மாதிரி இருக்கிறதா? உள்ளே கொஞ்சம் நுழைந்து பார்த்தால் தெரியும்.

ஒருவர் சேர வருகிறார் என்று வையுங்கள். சிகிச்சை முடிந்து நாலு நாள் ஆகியிருக்கலாம், சிறையிலிருந்து நேரே வந்திருக்கலாம். விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுத்ததும் கூடத்தில் உட்கார வைப்பார்கள். எதிரே ஏழெட்டுப் பேர். கடைசியாக எப்போது குடித்தாய்? எத்தனை தடவை விட்டுப் பார்த்திருக்கிறாய்? வேலை இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது தேடுவாய்? கேட்கிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் தானே ஒருநாள் பொய் சொல்லியிருப்பவர்கள். அதனால் அவர்களிடம் கதை விடுவது கஷ்டம். அப்புறம், கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள் என்பார்கள். வாக்கெடுப்பு நடக்கும். நூற்றுக்கு எண்பது பேர் சம்மதித்தால்தான் இடம். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேர் வேண்டாமென்றால் கதை முடிந்தது. வாசலில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷம் பெரிய சோதனை. ஆனால் உள்ளே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டால், இவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற நினைப்பு கூடவே வருகிறது. போலீஸ் கொண்டுவந்து விட்டதுமில்லை, மாமனார் கட்டி இழுத்து வந்ததுமில்லை.

வாரம் ஒரு கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்கர், வீட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுக்க ஒருவர் என்று பதவிகள் இருக்கின்றன. எந்தப் பதவியிலும் ஒருவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பொருளாளர் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வாசிப்பார். யார் எவ்வளவு பாக்கி என்று கணக்கர் பெயர் சொல்லி வாசிப்பார். குளியலறை யார் முறை, குப்பையை ஏன் எடுத்து வைக்கவில்லை, ராத்திரி பதினொன்றுக்கு மேல் யார் டிவியைச் சத்தமாக வைத்தது? பெரும்பாலும் இந்த மாதிரி சில்லறைச் சண்டைகள்தான். எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான். பத்து வருஷமாக வீட்டில் யாரும் ஒரு ரூபாயை நம்பிக் கொடுக்காத ஆள், சேர்ந்த ரெண்டாவது மாதம் எட்டுப் பேருடைய வாடகைப் பணத்துக்குப் பொருளாளர் ஆகிறார். செக்கில் கையெழுத்து அவருடையது. எந்த மனநல வகுப்பும் இதைக் கற்றுக்கொடுத்துவிட முடியாது.

பணக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மாதச் செலவு வாடகை, கரண்ட், இன்டர்நெட், சோப்பு, டாய்லெட் பேப்பர் எல்லாம் சேர்த்து 3,400 டாலர் என்று வையுங்கள். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 425. ஒருவர் குடித்துவிட்டார், வெளியேற்றியாக வேண்டும். அடுத்த மாதம் ஏழு பேர், ஆளுக்கு 486. அதாவது அவரை அனுப்ப வாக்களிக்கிற ஒவ்வொருவரும் தன் பையிலிருந்து 61 டாலரை எடுத்து வைத்துவிட்டுத்தான் கை தூக்குகிறார். சரி, வைத்துக்கொள்ளலாமே என்றால், அடுத்த அறையில் பாட்டில் இருக்கிற வீட்டில் தான் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கட்டிலைக் காலியாக விடவும் முடியாது, யாரை வேண்டுமானாலும் போட்டு நிரப்பவும் முடியாது. ஒருவர் விழுந்தால் வீட்டுக்கு நஷ்டம், ஒருவர் நிமிர்ந்தால் வீட்டுக்கு லாபம். நடுவே வேறு யாருடைய பையும் இல்லை.

1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த போதைப்பொருள் ஒழிப்புச் சட்டம் இதைப் பரப்ப ஒரு வழி செய்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு லட்சம் டாலரில் சுழல் நிதி ஒன்று வைக்க வேண்டும். குறைந்தது ஆறு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் அதிலிருந்து 4,000 டாலர் வரை கடன். இரண்டு வருஷத்தில் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிய பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். பின்னால் இந்த நிதி கட்டாயமில்லை என்று ஆனாலும் பல மாநிலங்கள் தொடர்ந்தன. மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கடன் கொடுத்துப் பழகிய நமக்கு இந்தச் சுழல் கணக்கு ஒன்றும் புதிதில்லை.

சரி, இதனால் பலன் உண்டா? சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் லெனர்ட் ஜேசனும் அவர் குழுவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்து வெளியே வந்த 150 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், பாதிப் பேரை ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்களுக்கும் மீதிப் பேரை வழக்கமான ஏற்பாட்டுக்கும் அனுப்பினார்கள். வழக்கமான ஏற்பாடு என்றால் வெளிநோயாளியாக ஆலோசனை, சுய உதவிக் கூட்டம், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான ஏற்பாட்டில் இருந்தவர்களில் 64.8 சதவீதம் பேர் மறுபடி குடித்தோ போதைப்பொருள் எடுத்தோ இருந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களில் 31.3 சதவீதம். மாத வருமானம் அந்தப் பக்கம் 440 டாலர், இந்தப் பக்கம் 989. சிறையில் இருந்தவர்கள் 9 சதவீதத்துக்கு எதிரே 3 சதவீதம்.

இந்த எண்களைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாட வேண்டியதில்லை. 150 பேர் என்பது சின்னக் கூட்டம், அதில் பாதிக்கு மேல் பெண்கள், ஆய்வில் சேரச் சம்மதித்தவர்கள் வேறு. வீட்டில் இருந்தும் மூன்றில் ஒரு பங்கு பேர் விழுந்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்க முடியாது. இருந்தாலும், மருந்தும் டாக்டரும் இல்லாமல் வெறும் வாடகை வீடும் எட்டு ஆட்களும் இவ்வளவு செய்திருப்பது சாதாரணமில்லை. அரசுக்கு ஆன செலவோ திரும்பி வருகிற கடன்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் எட்மண்ட்ஸ் என்று ஓர் ஊர். தனிக்குடும்பங்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியில் 1990-இல் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் திறந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் தங்கினார்கள். அந்த ஊர் நகராட்சி விதியில் குடும்பம் என்றால் என்ன என்று எழுதி வைத்திருந்தார்கள். ரத்த உறவு, தத்து, திருமண உறவு உள்ளவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து இருக்கலாம். உறவில்லாதவர்கள் என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடாது. வீட்டு உரிமையாளர் மேலும் தங்கியிருந்த ஒருவர் மேலும் நகராட்சி குற்ற நோட்டீஸே கொடுத்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடிநோயிலிருந்து மீள்பவர்களை வீட்டுவசதிப் பாகுபாட்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளாகக் கருதிப் பாதுகாக்கிறது. ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்ற விதிகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. எங்களுடையதும் அப்படிப்பட்ட விதிதான் என்றது நகராட்சி. 1995-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். ரத்த உறவென்றால் எத்தனை பேரையும் அனுமதித்துவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் எண்ணிக்கை போடுகிற விதி, இடநெருக்கடியைத் தடுப்பதற்கான விதி ஆகாது; எது குடும்பம் என்று வரையறுக்கிற விதிதான் அது; எனவே விலக்கு கிடையாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

ஜேசனின் குழு அக்கம்பக்கத்தாரிடமும் போய்க் கேட்டிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்களைவிட, ஒரு தெரு தள்ளி இருந்தவர்கள்தான் அதிகம் முகம் சுளித்தார்கள். ஒட்டிய வீட்டுக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிறார்கள்; பயப்பட என்ன இருக்கிறது?

இனி அடுத்த பக்கம். இதே சோபர் ஹோம் என்ற பெயர்ப்பலகையோடு ஃபுளோரிடாவில் நடந்தது வேறு கதை. டெல்ரே பீச் பகுதி வெயிலுக்கும் கடலுக்கும் பேர்போனது. நாடெங்கிலும் இருந்து மீள வருபவர்களால் அந்த ஊர் நிறைந்தது. 2010-இல், போதைச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு பணம் தர வேண்டும், இளைஞர்கள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது திறந்துவிட்ட வாசலில் புரோக்கர்கள் நுழைந்தார்கள். சிகிச்சை மையம் சோபர் ஹோம் நடத்துபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும். அவர் வாடகை இல்லாமல், சில சமயம் சிகரெட்டும் செல்போனும் கொடுத்து, பையனைத் தங்க வைப்பார். பையன் வாரத்துக்குப் பல முறை சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் பில்.

இங்கே கணக்கு தலைகீழ். பையன் ஒழுங்காகத் தேறிவிட்டால் வருமானம் நின்றுவிடும். மறுபடி ஊசி போட்டுக்கொண்டால் காப்பீடு புது சிகிச்சைக்கு முதலிலிருந்து பணம் தரும். விழுந்தால் லாபம். ஆகவே விழ வைப்பதற்கே சிலர் ஏற்பாடு செய்தார்கள், போதைப்பொருளைக் கையில் கொடுத்தவர்களும் உண்டு. மையத்திலிருந்து சோபர் ஹோம், அங்கிருந்து தெரு, தெருவிலிருந்து மறுபடி மையம் என்ற இந்தச் சுற்றுக்கு 'ஃபுளோரிடா ஷஃபிள்' என்று சீட்டாட்டப் பெயரே விழுந்தது. பல பையன்கள் பிணமாகத்தான் ஊர் திரும்பினார்கள். பாம் பீச் மாவட்ட அரசு வழக்கறிஞர் டேவ் ஆரன்பர்க் 2016-இல் தனிப்படை அமைத்த பிறகு வரிசையாகக் கைதுகள் நடந்தன. 2018-இல் இப்படிக் கமிஷன் வாங்குவதே குற்றம் என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது.

அது வந்தும் அரிசோனாவில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே குறி, பூர்வகுடி மக்கள். அவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் பில்லுக்கு உச்சவரம்பு சரியாக இல்லை என்று கண்டுகொண்ட ஆட்கள், நவஹோ என்ற பூர்வகுடியினரின் தன்னாட்சி நிலப்பகுதிக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் வேன் அனுப்பினார்கள். சாப்பாடு, தங்க இடம், சிகிச்சை என்று சொல்லி ஃபீனிக்ஸ் நகருக்கு ஏற்றி வந்தார்கள். சில வீடுகளில் குடிக்கவும் கொடுத்தார்கள், ஏனென்றால் குடிக்கிறவரைதான் பில் ஓடும். நடக்காத ஆலோசனைகளுக்கும் பில் போட்டார்கள். 2023 மே மாதம் மாநில அரசு ஏராளமான நிறுவனங்களுக்குப் பணத்தை நிறுத்தியது. மோசடி 200 கோடி டாலருக்குக் குறையாது என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு. பணம் நின்றதும் பல வீடுகளை மூடினார்கள். மொழி தெரியாத முதியவர்கள்கூட ஃபீனிக்ஸ் வெயிலில் தெருவில் நின்றார்கள். நவஹோ அரசு தங்கள் ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்து ஊருக்குக் கூட்டிப்போக ஒரு தனி நடவடிக்கையே எடுக்க வேண்டியிருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸிலும் குறை இல்லாமல் இல்லை. உடனே வெளியேற்று என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அவசரக் கூட்டம், வாக்கெடுப்பு, அரை மணி நேரத்தில் ஆள் பையோடு நடைபாதையில். 1975-இன் குடிகாரருக்கு அது ஓர் அடி, ஒரு பாடம். ஃபென்டனில் காலத்தில் அந்த ராத்திரியே கடைசி ராத்திரி ஆகிவிடலாம். அதனால் இப்போது பல வீடுகளில், விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே போக வேண்டும் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். மூச்சு நிற்பவரை எழுப்புகிற நலாக்சோன் ஸ்பிரேயும் வைத்திருக்கிறார்கள். இன்னொரு தகராறு புப்ரனார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளைப் பற்றியது. ஓபியாய்டு போதைக்கு உயிர் காக்கும் மருந்துகள் இவை. அதுவும் போதைதானே, இங்கே இடமில்லை என்று விரட்டிய இடைவீடுகள் நிறைய. அமெரிக்க நீதித்துறை 2022-இல், டாக்டர் சீட்டோடு இந்த மருந்து எடுப்பவரை அதற்காகவே ஒதுக்குவது பாகுபாடு என்று தெளிவுபடுத்தியது. கடும் மனநோயும் சேர்ந்து இருப்பவர், வேலைக்கே போக முடியாதவர், வாக்கெடுப்பில் பேசத் தெரியாதவர் ஆகியோருக்கு இந்த மாதிரி வீடு சரிப்படாது. அவர்களுக்கு ஆளும் அம்பும் உள்ள இல்லம்தான் வேண்டும்.

நம் பக்கம் வருவோம். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைத் தொட்டிருக்கிறார். உள்ளே படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சிகிச்சைக்கே இந்த நிலை என்றால் அதற்கப்புறம் தங்கும் வீட்டைப் பற்றி யார் பேசுவது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. அரசு தர வேண்டிய சேவைகளில் ஹாஃப்வே ஹோமையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கியபோது, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்திருந்தார். குடி ஒரு நோய், குடிநோயாளியின் மனைவிக்கும் சிகிச்சை வேண்டும் என்று தமிழ்நாட்டில் அழுத்தமாகச் சொன்ன இடம் அது. வெளியே போனவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதையும் அவர்கள் பழக்கமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து வந்த நல்ல மையங்களும் உண்டு. நோயாளியை அடித்தே கொன்றதாகச் செய்தியில் வந்த தனியார் மையங்களும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நம் ஊரில் உண்மையான இடைவீடு எது தெரியுமா? மனைவிதான். என் அண்ணி இரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். தினமும் சாயங்காலம் வாயை ஊதச் சொல்வார். சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவார். மாத்திரையை விழுங்கினாரா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார். வாக்கெடுப்பு கிடையாது, பதவி மாற்றம் கிடையாது, ஆறு மாதத்தில் ஓய்வும் கிடையாது. அண்ணன் விழுந்தால் முழு நஷ்டமும் அவர் ஒருத்தருக்கு. லாபம் யாருக்கு என்றால், 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில்தான் இருக்கிறது. ஆண்டு வருமானம் 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அண்ணன் அப்புறம் இன்னும் இரண்டு முறை சிகிச்சைக்குப் போனார். மூன்றாவது முறை வெளியே வந்தபோது, வீட்டுக்கு வரவில்லை, கொஞ்ச நாள் தனியாக இருக்கிறேன் என்றார். அண்ணி அழுதார், ஆனால் தடுக்கவில்லை. ஏஏ கூட்டத்தில் பழக்கமான மூன்று பேரோடு சேர்ந்து இரண்டு படுக்கையறை வீடு ஒன்று எடுக்கலாம் என்று திட்டம். நால்வருமே நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள். வீட்டுப் புரோக்கரைப் பார்க்க நானும் கூடப் போனேன். வாடகை, அட்வான்ஸ் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே அவர் கேட்டார்: "ஃபேமிலியா சார், பேச்சிலரா?" அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மற்ற மூவரையும் பார்த்தேன். புரோக்கர் எங்கள் நரைத்த தலைகளை ஒரு தடவை எண்ணிவிட்டு, "பேச்சிலர்னே போட்டுக்கலாம். ஆனா ஓனர் ஒத்துக்க மாட்டாரு" என்றார்.